பிஹெச் மீட்டர் 7-ல் சரியாக நிற்கிறது, சோடா பாத்தில் இழுத்துக்கொண்டே போகிறது

சாயலேப்_திருப்பூர்:
வணக்கம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. தினமும் காலையில் 7, 4 இரண்டு பஃபரிலும் (பிஹெச் முன்பே தெரிந்த கரைசல்) கேலிபரேட் செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். 7-ல் போட்டால் கல் மாதிரி நிற்கிறது. ஆனால் சோடா போட்ட பாத் (சாயத்தொட்டித் தண்ணீர்) சாம்பிளில் விட்டால் 10.2, 10.3, 10.4 என்று இரண்டு மூன்று நிமிடம் ஏறிக்கொண்டே இருக்கிறது, மேலே மெஷின்காரர் "என்னாச்சு என்னாச்சு" என்று கத்துவதால் 10.5 வந்ததும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நேற்று சந்தேகப்பட்டு 9.2 பஃபரில் பார்த்தேன், 8.9 காட்டியது. வேலை முடிந்ததும் எலக்ட்ரோடைக் கழுவி டிஸ்டில்டு வாட்டரில்தான் வைக்கிறேன். சூப்பர்வைசர் புதுசு வாங்கிவிடலாம் என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பழைய_கெமிஸ்ட்:
தம்பி, வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். மீட்டரை மில்லிவோல்ட் மோடில் வைத்து 7 பஃபரிலும் 4 பஃபரிலும் என்ன வருகிறது என்று சொல்லுங்கள். 25 டிகிரியில் இரண்டுக்கும் இடையே 177 மில்லிவோல்ட் இருக்க வேண்டும், ஒரு பிஹெச்சுக்கு 59.16 என்ற கணக்கு. 7-ல் பூஜ்யத்துக்கு முன்பின் 30-க்குள் இருந்தால் கவலை இல்லை.
அப்புறம் அந்த 9.2 பஃபர் எப்போது கரைத்தது?

சாயலேப்_திருப்பூர்:
அண்ணா, 7-ல் மைனஸ் 12, 4-ல் 149. ஏசி ரூம், 25 டிகிரிதான். 9.2 பஃபர்... பொங்கலுக்கு முன்னால் மாத்திரை கரைத்து வைத்தது, ஜன்னல் ஓரத்தில் பாதி பாட்டில் இருக்கிறது.

பழைய_கெமிஸ்ட்:
அதைக் கொட்டிவிடுங்கள்! கார பஃபர் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு தானாகவே இறங்கும், மீட்டர் பாவம் உண்மையைத்தான் சொல்லியிருக்கலாம். புது மாத்திரை ஒன்றை 100 மில்லி தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். கரைத்த தேதியை பாட்டிலில் எழுதுங்கள், ஒருமுறை பீக்கரில் ஊற்றியதைத் திரும்ப பாட்டிலில் ஊற்றாதீர்கள்.

149-க்கும் மைனஸ் 12-க்கும் வித்தியாசம் 161. அதை 177-ஆல் வகுத்தால் 91 சதவீதம், இதைத்தான் ஸ்லோப் என்பார்கள். 95-க்கு மேல் இருந்தால் நல்லது, உங்களுடையது சோர்ந்திருக்கிறது, சாகவில்லை. சோர்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அந்த டிஸ்டில்டு வாட்டர்தான். உள்ளே இருக்கும் பொட்டாசியம் குளோரைடு (கேசிஎல்) வெளியே கசிந்து போகிறது, கண்ணாடி முனையும் கெட்டுப்போகிறது. இன்றைக்கே 22.4 கிராம் கேசிஎல் எடுத்து 100 மில்லியாகக் கரையுங்கள், அதுதான் 3 மோலார். மூடிக்குள் கொஞ்சம் ஊற்றி அதில் வைத்தால் போதும். வெளியே வெள்ளையாக உப்புப் படியும், பயப்பட வேண்டாம், கழுவினால் போய்விடும்.

சாயம் அப்பிய எலக்ட்ரோடு என்றால் முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், அப்புறம் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பதினைந்து நிமிடம், அதற்குப் பிறகு ராத்திரி முழுக்க கேசிஎல். பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஜங்ஷன் (உள்கரைசல் சாம்பிளைத் தொடும் இடம்) அடைத்திருந்தாலும் இப்படி இழுத்துக்கொண்டே போகும். கேசிஎல் கரைசலை 50, 60 டிகிரிக்குச் சூடாக்கி அதில் வைத்து அப்படியே ஆறவிட்டால் பல சமயம் திறந்துகொள்ளும். துணியால் தேய்க்கவே கூடாது, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

உப்பும்_சோடாவும்:
அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஆணிவேர் வேறு இடத்தில் இருக்கிறது. 10-க்கு மேலே அளக்கிறவர் எதற்கு 7, 4-ல் கேலிபரேட் செய்கிறார்? 7-ம் 10-ம் வையுங்கள், 10 கிடைக்காவிட்டால் 9.2. அளக்கப்போவது இரண்டு பஃபருக்கும் நடுவிலோ, குறைந்தபட்சம் பக்கத்திலோ இருக்க வேண்டாமா?

இன்னொன்று, பாத்தில் லிட்டருக்கு அறுபது கிராம் உப்பு போடுகிறீர்கள். அவ்வளவு சோடியமும் அந்தக் காரமும் சேர்ந்தால் சாதாரணக் கண்ணாடி சோடியத்தையும் ஹைட்ரஜன் என்று நினைத்து பிஹெச்சைக் குறைத்துக் காட்டும். 1934-ல் பெக்மன் இந்த மீட்டரைச் செய்ததே கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்கத்தான், நாம் அதைக் கொண்டுபோய் சோடாவில் முக்குகிறோம்! அதிகக் காரத்துக்கென்றே எலக்ட்ரோடு இருக்கிறது, புதுசு வாங்கும் நாள் வந்தால் அதைக் கேளுங்கள்.

60 டிகிரி பாத்திலிருந்து நேராக அளக்கிறீர்களா? பீக்கரில் எடுத்து ஆறவைத்து அளந்து, வெப்பநிலையையும் எழுதுங்கள். ஏடிசி (மீட்டர் தானாகச் செய்யும் வெப்பநிலைத் திருத்தம்) எலக்ட்ரோடின் ஸ்லோப்பைத்தான் சரிசெய்யும், சூட்டில் பாத்தின் பிஹெச்சே மாறுவதை அது சரிசெய்யாது.

பழைய_கெமிஸ்ட்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 4-ஐ விட்டுவிட வேண்டாம், அசிட்டிக் அமிலம் போட்டு நியூட்ரலைஸ் செய்யும் இடத்தில் அது வேண்டும். அளக்கும்போது மேலே இருக்கும் ரப்பர் மூடியைத் திறந்து வைக்கிறீர்களா தம்பி?

சாயலேப்_திருப்பூர்:
இல்லை அண்ணா, திறக்க வேண்டும் என்றே தெரியாது. 😐

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். சோப்பு, அமிலம், சூடான கேசிஎல் எல்லாம் ஆயிற்று, உள்ளே கரைசல் பாதிக்குக் கீழே போயிருந்தது, நிரப்பினேன். இப்போது 7-ல் மைனஸ் 6, 4-ல் 166, ஸ்லோப் 97. புது 9.2 பஃபரில் 9.17. சாம்பிள் நாற்பது விநாடியில் நின்றுவிடுகிறது, நேற்று பாத் 10.8. முன்பு 10.5 என்று எழுதிக் கொடுத்தபோதெல்லாம் மேலே இன்னும் கொஞ்சம் சோடா போட்டிருப்பார்கள். அதைச் சூப்பர்வைசரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.