அமெரிக்காவில் அண்ணாவுக்குப் புற்றுநோய் நிபுணர்: மெடிகேர் தரவை எப்படி வாசிப்பது?

வெள்ளவத்தைத் தம்பி எழுதியது:

வணக்கம். நான் இருப்பது வெள்ளவத்தையில், தொழில் கணக்காய்வு. என் அண்ணா நியூ ஜெர்சியில் குடியேறிப் பல வருடம். வயது 71. போன மாதம் அவருக்கு மல்டிபிள் மைலோமா, அதாவது எலும்பு மச்சையில் வரும் ஒரு இரத்தப் புற்றுநோய், என்று உறுதியாகிவிட்டது. அண்ணியும் அவரும் தனியாகத்தான் இருக்கிறார்கள், பிள்ளைகள் இல்லை. "கணக்குப் பார்க்கிறவன் நீ, பார்த்துச் சொல்லு" என்று பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்.

இங்கே என்றால் என்ன செய்வோம்? தெரிந்தவர்களிடம் கேட்போம். சனல் பண்ண, அதாவது தனியாரில் டொக்டரைப் பார்க்க நேரம் எடுக்கப் போனால் எத்தனையாம் நம்பர் கிடைக்கிறது என்று பார்ப்போம். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் வேலை செய்யும் ஒரு தாதியைப் பிடித்து, "எந்த டொக்டர் நல்லவர்?" என்று கேட்போம். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. ஆனால் மெடிகேர், அதாவது 65 வயது தாண்டியவர்களுக்கான அமெரிக்க அரசாங்கக் காப்புறுதி, ஒவ்வொரு வைத்தியரும் என்ன சேவை செய்தார், எத்தனை பேருக்குச் செய்தார், எவ்வளவு வாங்கினார் என்று பொதுத் தரவாக வெளியிடுகிறது. யாரும் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம்.

அண்ணாவுக்கு இரண்டு பெயர் கொடுத்திருக்கிறார்கள். முதலாமவர் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத் தூரத்தில் கிளினிக் வைத்திருப்பவர். அவர் பெயரில் தரவு நிறைய வருகிறது. ஜே9144 என்ற ஒரு வரியில் மட்டும் 57,600 சேவைகள், ஆனால் 21 நோயாளிகள்தான். ஒரு ஆளுக்கு இரண்டாயிரத்து எழுநூறு ஊசியா? மொத்தத் தொகையும் மில்லியன் டொலர் கணக்கில் போகிறது. இரண்டாமவர் ஒரு பல்கலைக்கழக வைத்தியசாலையில் மைலோமா மட்டுமே பார்ப்பவர் என்கிறார்கள். அவர் பெயரில் வெறும் ஆலோசனை வரிகள் சில, மருந்து வரி ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் அவர் நோயாளிகளைப் பார்ப்பதே குறைவா? முதலாமவர் காசுக்காக மருந்து ஏற்றுகிறாரா? இன்னும் இரண்டு கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

தெஹிவளை ஃபார்மசி எழுதியது:

தம்பி, ஊசிக் கணக்கை மட்டும் நான் சொல்கிறேன். ஜே9144 என்பது தோலுக்கடியில் போடும் டாராடுமுமாப் என்ற மைலோமா மருந்தின் பில் குறியீடு. அதன் ஒரு அலகு 10 மில்லிகிராம். ஒரு தடவை கொடுக்கும் அளவு 1,800 மில்லிகிராம், ஆகவே ஒரே ஒரு ஊசி 180 சேவைகளாகப் பதிவாகும். உங்கள் 57,600ஐ 180 ஆல் வகுத்தால் 320 ஊசி. 21 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்குப் பதினைந்து சொச்சம்.

இது மிகையா என்றால், இல்லை. வழமையான ஒழுங்கில் முதல் எட்டு வாரம் வாரம் ஒன்று, பிறகு 24ஆம் வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒன்று, அதன் பின் நாலு வாரத்துக்கு ஒன்று. முதல் வருடத்தில் 23 ஊசி வரும். பழைய நோயாளிக்கு வருடத்துக்கு 13. புதியவர்களும் பழையவர்களும் கலந்திருந்தால் சராசரி பதினைந்து, பதினாறில்தான் நிற்கும். பயப்பட ஒன்றும் இல்லை.

கொட்டாஞ்சேனை பில்லிங் எழுதியது:

தம்பி, முதலில் அண்ணாவுக்குச் சுகம் கிடைக்க வேண்டிக்கொள்கிறேன். நான் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் இரவு வேலையாக அமெரிக்கப் புற்றுநோய் கிளினிக்குகளின் பில் பார்க்கிறேன். நீங்கள் இறக்கிய கோப்பில் இருக்கிற எண்கள் எல்லாம் எங்களைப் போன்றவர்கள் அனுப்பிய பில்களிலிருந்து பிறந்தவைதான். அதனால் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று ஓரளவு சொல்ல முடியும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

இந்தத் தரவு எளிதாக வெளியே வரவில்லை. 1979இல் ஃப்ளோரிடாவில் ஒரு நீதிமன்றம், வைத்தியர்களுக்கு மெடிகேர் கொடுக்கும் பணத்தைப் பெயரோடு வெளியிடக் கூடாது என்று தடை போட்டது. 2013இல்தான் அந்தத் தடை நீங்கியது. 2014 ஏப்ரலில் முதல் கோப்பு வந்தபோது 8,80,000க்கு மேற்பட்ட சேவையாளர்கள், 77 பில்லியன் டொலர், எல்லாம் 2012ஆம் ஆண்டுக்கானவை. பத்திரிகைகள் உடனே யார் அதிகம் வாங்கினார்கள் என்று பட்டியல் போட்டன. கண் வைத்தியர்களும் புற்றுநோய் வைத்தியர்களும் மேலே வந்தார்கள். அவர்கள் கிளினிக்கில் போடும் விலை கூடிய ஊசி மருந்தின் விலையும் அவர்கள் பெயரிலேயே வரவு வைக்கப்படுவதுதான் அதற்குப் பெரிய காரணம்.

உங்கள் முதலாம் வைத்தியரின் மில்லியனும் இப்படித்தான். கிளினிக் மருந்தைத் தன் காசில் வாங்கி, ஏற்றி, பிறகு மெடிகேரிடம் பில் போடும். மெடிகேர் கொடுப்பது சராசரி விற்பனை விலையும் அதன் மேல் 6 வீதமும். அமெரிக்க அரசாங்கத்தின் வரவுசெலவு வெட்டுக்குப் பிறகு அந்த 6 கையில் 4 வீதம் சொச்சமாகக் குறைந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் மருந்துக் கம்பனிக்குப் போகிற காசு. ஆகவே மொத்தத் தொகையைப் பார்த்து ஒரு வைத்தியரைத் திருடன் என்றும் சொல்லக் கூடாது, பெரிய ஆள் என்றும் சொல்லக் கூடாது. இன்னொன்று, "சமர்ப்பித்த கட்டணம்" என்ற நிரலை விட்டுவிடுங்கள். அது கிளினிக் கேட்கும் விலை, யாரும் அதைக் கொடுப்பதில்லை. "அனுமதித்த தொகை"தான் உண்மையான கணக்கு.

இனி இரண்டாமவர். இங்கேதான் நிறையப் பேர் பிழையான முடிவுக்குப் போகிறார்கள், உங்கள் அண்ணா அப்படிப் போய்விடக் கூடாது. வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் ஏற்றும் மருந்துக்கு பில் போடுவது வைத்தியசாலை. அது வைத்தியரின் கோப்பில் வரவே வராது. இடம் என்ற நிரலில் "எஃப்", அதாவது வைத்தியசாலை போன்ற நிலையம், என்று இருக்கிறதா பாருங்கள், கட்டாயம் இருக்கும். அதோடு, ஒரு சேவையை வருடத்தில் 10 அல்லது அதற்குக் குறைந்த நோயாளிகளுக்குச் செய்திருந்தால் அந்த வரியையே மறைத்துவிடுவார்கள், நோயாளியை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக. இன்னும் முக்கியம்: இந்தக் கோப்பு பழைய முறை மெடிகேரை மட்டும் காட்டுகிறது. தனியார் கம்பனிகள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர்கள் இதில் இல்லை, இப்போது பாதிப் பேருக்கு மேல் அதில்தான் இருக்கிறார்கள். 65 வயதுக்குக் குறைந்த நோயாளிகளில் அநேகமானோரும் இல்லை.

சரி, அப்போது இரண்டு பேரையும் ஒரே அளவுகோலால் பார்க்க வழியே இல்லையா? மைலோமாவுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அதே தளத்தில் பார்ட் டி, அதாவது மெடிகேரின் மருந்துச் சீட்டுக் காப்புறுதி, அதன் தரவு என்று தனிக் கோப்பு ஒன்று உண்டு. மைலோமாக்காரர்களில் பெரும்பாலானோர் லெனாலிடோமைட் என்ற குளிசை எடுப்பார்கள். குளிசைச் சீட்டு எழுதியவர் கிளினிக்கில் இருந்தாலும் பல்கலைக்கழகத்தில் இருந்தாலும் அவர் பெயரில்தான் பதிவாகும். பார்ட் டி கோப்பில் அட்வான்டேஜ் நோயாளிகளும் சேர்ந்தே வருகிறார்கள். அந்தக் குளிசை கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கும் என்பதால் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது, ஒரு தடவைக்கு 28 நாளுக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். ஆகவே முழு வருடமும் எடுப்பவருக்கு ஏறக்குறைய 13 சீட்டு. சீட்டு எண்ணிக்கையை 13 ஆல் வகுத்தால், அந்த வைத்தியரிடம் எத்தனை பேர் தொடர்ந்து இந்த மருந்தில் இருக்கிறார்கள் என்று குத்துமதிப்பாக வரும். இடையில் நிறுத்துபவர்கள் இருப்பதால் உண்மையான தலைக்கணக்கு அதைவிடக் கூடத்தான் இருக்கும். அதே இடத்தில் பொமாலிடோமைட் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது நோய் திரும்பியவர்களுக்குக் கொடுப்பது. அந்த வரியில் எண்ணிக்கை கூட இருந்தால், சிக்கலான கட்டத்து நோயாளிகளை அவர் கையாளுகிறார் என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை. கூட வேலை செய்யும் தாதி நிபுணர் சீட்டு எழுதினால் அது வைத்தியர் பெயரில் வராமல் அந்தத் தாதியின் பெயரில் போகும். எனவே எண் குறைவு என்றால் உடனே முடிவுக்கு வராதீர்கள், எண் கூட என்றால் நம்பலாம்.

தேடும்போது பெயரை வைத்துத் தேடாமல் என்.பி.ஐ. என்று ஒவ்வொரு வைத்தியருக்கும் உள்ள பத்து இலக்க எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது அங்கே சாதாரணம். அந்த எண்ணைப் பொதுப் பதிவேட்டில் எடுக்கலாம். முகவரி மாறும், அந்த எண் மாறாது.

வெள்ளவத்தைத் தம்பி எழுதியது:

பில்லிங் அக்கா, ஃபார்மசிக்காரர், இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவே பார்ட் டி கோப்பை இறக்கிப் பார்த்துவிட்டேன். நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. பல்கலைக்கழக வைத்தியர் பெயரில் லெனாலிடோமைட் 390 சீட்டு, பொமாலிடோமைட் 140க்கு மேல். கிளினிக் வைத்தியர் பெயரில் லெனாலிடோமைட் 120 அளவில், பொமாலிடோமைட் வரியே இல்லை. மற்றக் கோப்பில் பல்கலைக்கழகத்தவர் சும்மா இருப்பவர் போலத் தெரிந்தாரே, அதைப் பார்த்து அண்ணாவிடம் ஏதும் சொல்லாமல் இங்கே கேட்டது எவ்வளவு நல்லது.

ஆனால் இன்னொரு விசயம். மருந்துக் கம்பனிகளிடமிருந்து வைத்தியர்கள் வாங்கும் காசைக் காட்டும் ஓப்பன் பேமென்ட்ஸ் என்ற தளத்தையும் பார்த்தேன். பல்கலைக்கழகத்தவர் பெயரில் கம்பனிக் காசு நிறைய இருக்கிறது. கிளினிக்காரருக்குச் சாப்பாட்டுக் கணக்கு மட்டும்தான். அண்ணி இதைக் கேட்டு மனம் குழம்பிப்போய் இருக்கிறார்.

கொட்டாஞ்சேனை பில்லிங் எழுதியது:

அண்ணியின் பயம் நியாயமானது, அதை ஒதுக்க வேண்டாம். ஆனால் அந்தக் காசை வகை பிரித்துப் பாருங்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தரவு அது, 2014 செப்டம்பரிலிருந்து வெளியாகிறது. அதில் ஆய்வுக் கொடுப்பனவு தனி, பொதுக் கொடுப்பனவு தனி. ஆய்வு என்று இருப்பது பெரும்பாலும் மருந்துப் பரிசோதனை நடத்துவதற்காக வைத்தியசாலைக்குப் போகும் காசு, அவர் முதன்மை ஆய்வாளர் என்பதால் பெயர் ஒட்டியிருக்கும். மைலோமாவில் புதிய மருந்து வந்துகொண்டே இருக்கிறது, பரிசோதனை நடக்கும் இடத்தில் இருப்பது உங்கள் அண்ணாவுக்கு நாளைக்கு உதவக்கூடும். பேச்சாளர் கட்டணம், ஆலோசனைக் கட்டணம் என்று ஒரே கம்பனியிடமிருந்து வருடா வருடம் பெரிய தொகை வாங்கினால், அந்தக் கம்பனியின் மருந்தை அவர் சொல்லும்போது "இதற்கு மாற்று என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

மஹரகம மகள் எழுதியது:

நான் தரவு தெரிந்தவள் அல்ல. ஆனால் என் அம்மாவுக்கும் இதே நோய்தான், மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் பார்க்கிறோம். அங்கே எல்லாம் இலவசம், இந்தக் கோப்பு எதுவும் எங்களுக்கு இல்லை. இருந்தும் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். வாரா வாரம் ஊசிக்குப் போவது என்பது லேசான காரியம் இல்லை. அம்மாவுக்கு முதுகெலும்பு வலி, வாகனத்தில் இருப்பதே கஷ்டம். போக எவ்வளவு நேரம், இரவில் காய்ச்சல் வந்தால் யார் போன் எடுப்பார்கள், இரத்தம் அங்கேயே எடுப்பார்களா, இவை எந்தத் தரவிலும் வராது. அண்ணி வயது போனவர் என்றால் யார் வாகனம் ஓட்டுவது என்றும் யோசியுங்கள்.

வெள்ளவத்தைத் தம்பி எழுதியது:

மஹரகம அக்கா சொன்னதுதான் இப்போது வீட்டில் பெரிய கேள்வி. பல்கலைக்கழக வைத்தியசாலைக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம். அண்ணி பெருந்தெருவில் ஓட்ட மாட்டார்.

கொட்டாஞ்சேனை பில்லிங் எழுதியது:

தம்பி, ஒருவரைத்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? நான் பார்க்கும் பில்களில் இது அடிக்கடி வரும்: மைலோமா நிபுணர் ஆரம்பத்தில் பார்த்துத் திட்டம் போடுவார், சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பார். வாராந்த ஊசியும் இரத்தப் பரிசோதனையும் வீட்டுக்குக் கிட்ட உள்ள கிளினிக்கில் நடக்கும். உங்கள் கிளினிக்காரர் 21 பேருக்கு டாராடுமுமாப் கொடுத்துப் பழகியவர், ஊசி போட அந்த அனுபவம் தாராளம். இரண்டு பேரிடமும் அண்ணா கேட்க வேண்டியது, "நீங்கள் இருவரும் கதைத்துக்கொள்வீர்களா, மருந்தை மாற்ற வேண்டி வந்தால் கடைசி வார்த்தை யாருடையது?" என்பது. அதோடு எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை 71 வயதில் அவருக்குப் பொருந்துமா என்பதைப் பல்கலைக்கழகத்தவரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்கச் சொல்லுங்கள். முதல் கட்ட மருந்தைத் தெரிவு செய்வதே அந்தப் பதிலைப் பொறுத்துத்தான்.

போவதற்கு முன் அண்ணாவின் காப்புறுதி அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். பழைய மெடிகேர் என்றால் பரிந்துரைக் கடிதம் இல்லாமலே நேரே நிபுணரிடம் போகலாம், வருட ஆரம்பக் கழிவுத் தொகை போக 80 வீதம் அது கொடுக்கும், மிச்சம் 20 வீதத்துக்குத் துணைக் காப்புறுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அட்வான்டேஜ் என்றால் இரண்டு வைத்தியர்களும் அந்தக் கம்பனியின் வலையமைப்பில் இருக்கிறார்களா என்று முதலில் கேட்க வேண்டும், சில திட்டங்களுக்கு முன் அனுமதியும் வேண்டும். அது எடுக்கவே ஒரு கிழமை போகலாம், அதனால் நாளைக்கே போன் பண்ணச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தைத் தம்பி எழுதியது:

அட்டை பார்த்தாயிற்று. பழைய மெடிகேர்தான், துணைக் காப்புறுதியும் இருக்கிறது. பல்கலைக்கழக வைத்தியரிடம் வியாழக்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிப் போகிறார். நான் இங்கேயிருந்து வீடியோவில் சேர்ந்துகொள்வேன். எலும்பு மச்சைக் கேள்வியைத் தமிழில் அண்ணிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.