9×19 தோட்டா கேஸில் டேப்பர் எதற்கு?

ஓசூர்_டூல்ரூம்
வணக்கம். 9 மி.மீ. பாராபெல்லம் (9×19) தோட்டாவோட டிராயிங் பார்த்தேன். கேஸ் (மருந்து இருக்கிற பித்தளைக் கூடு) நேர் உருளை இல்லை: அடியில் 9.93, வாயில் 9.65, நீளம் 19.15. இந்த 0.28 டேப்பர் (வாய்ப் பக்கம் ஒடுங்குறது) வேணும்னே வச்சதா? மோர்ஸ் டேப்பர் டிரில்லை (வால் கூம்பா இருக்கும்) மெஷின் ஸ்பிண்டிலில் ஏத்தினால் ஆப்பு அடிச்சால்தான் கழலும். இதுவும் சேம்பரில் (பேரலில் தோட்டா உட்கார்ற இடம்) அப்படிப் பிடிச்சுக்காதா?

பாலக்கோடு_எக்ஸ்சர்வீஸ்
பாதி அப்பன் சொத்து தம்பி, பழைய தோட்டாவில் இருந்து வந்தது. 1893 போர்சார்ட் பிஸ்டலுக்கு வந்தது 7.65×25, கழுத்து ஒடுங்கின தோட்டா. ஜார்ஜ் லூகர் கேஸை 21 மி.மீ. ஆக்கினார், 1900-ல் சுவிஸ் ராணுவம் எடுத்துக்கிச்சு. குண்டு சின்னதுன்னு மற்ற நாட்டு ராணுவங்கள் இழுக்க, 1902 வாக்கில் கழுத்தையே எடுத்துட்டு 9 மி.மீ. குண்டை வச்சார். அடிப்பாகத்தில் கை வைக்கலை. அதனால் போல்ட்டும் (சேம்பரைப் பின்னாடி மூடுறது) எக்ஸ்ட்ராக்டரும் (கேஸை இழுக்கிற கொக்கி) பழசே, பேரல் மட்டும் புதுசு. ஜெர்மன் கடற்படை 1904, தரைப்படை 1908. 'அமைதி வேண்டுமானால் போருக்குத் தயாராகு' என்ற லத்தீன் வாசகத்தின் பின்பாதிதான் பாராபெல்லம்.

கிருஷ்ணகிரி_காலிபர்
மோர்ஸ் கேள்வி சரியான கேள்வி. ஆனா அங்கே டிரில்லோட விசை டேப்பரை உள்ளே தள்ளி இறுக்குது. இங்கே தலைகீழ்: அழுத்தம் கேஸைப் பின்னாடி, போல்ட் முகத்துக்குத் தள்ளுது. ஐரோப்பிய அளவுகோலில் உச்சம் 235 மெகாபாஸ்கல். அப்போ பித்தளை விரிஞ்சு சேம்பர் சுவரில் ஒட்டி வாயுவை அடைக்கும். குண்டு வெளியே போய் அழுத்தம் விழுந்ததும் கொஞ்சம் சுருங்கும். டேப்பர் கேஸ் துளி பின்னால் நகர்ந்தாலே சுற்றிலும் சுவரை விட்டுடும். நேர் கேஸ் முழு நீளத்துக்கும் உரசிக்கிட்டே வரணும். சேம்பரில் கரியோ மணலோ இருந்தால் வித்தியாசம் நல்லாத் தெரியும்.

ஓசூர்_டூல்ரூம்
புரிஞ்சுதுண்ணா. ரிம் (கேஸோட அடி விளிம்பு) வெளியே நீட்டலையே (9.96), அப்போ தோட்டா எதில் முட்டி நிக்குது? டேப்பரிலா?

கிருஷ்ணகிரி_காலிபர்
இல்லை, கேஸ் வாயில். வாய் விளிம்பு சேம்பர் முனையில் இருக்கிற படியில் முட்டணும். அதனால்தான் இதில் வாயை உள்பக்கம் சுருட்டி மடிக்கிறதில்லை; குண்டோடு ஒட்டி லேசா அமுக்குறதோட சரி. விளிம்பு மடங்கினால் தோட்டா அளவுக்கு மேல் உள்ளே இறங்கும், ஃபயரிங் பின் அடி பிரைமரில் (கேஸ் அடியில் மருந்தைப் பத்த வைக்கிற மூடி) அரைகுறையா விழும், தோட்டா வெடிக்காது. வாய் அகலமா இருந்தால் நேர்மாறு: சேம்பருக்குள் முழுசா இறங்காது, போல்ட் மூடாது.

பாலக்கோடு_எக்ஸ்சர்வீஸ்
டேப்பருக்குக் கூலி மேகசினில் (தோட்டா அடுக்கிற பெட்டி) கொடுக்கணும். ஒரு தோட்டாவுக்கு ஒரு டிகிரி கூட வராது. முப்பது அடுக்கினால் வரிசை வளைஞ்சுடும். பிஸ்டல் மேகசினில் 13, 15-ன்னா தெரியாது. பிரிட்டிஷ் ஸ்டென் கன்னில் நேரான 32 தோட்டா மேகசின், மேலே இரண்டு வரிசையும் ஒண்ணாகிற இடத்தில் நெரிசல் வேற. சிக்குறதுக்குப் பேர் போனது. அடுத்து வந்த பிரிட்டிஷ் ஸ்டெர்லிங் கன்னில் 34 தோட்டா மேகசினை வளைச்சு, ஃபாலோயரில் (தோட்டாவை மேலே தள்ளுற தட்டு) உருளை வச்சாங்க. கான்பூரில் செய்த நம்ம கார்பைன் 1ஏ அதே டிசைன்தான், வாழைக்காய் மாதிரி வளைவு கண்ணுக்கே தெரியும்.

தர்மபுரி_கேள்வி
சார், ரஷ்ய மக்கரோவ் பிஸ்டல் தோட்டாவும் 9 மி.மீ. தானே? ரெண்டும் ஒண்ணா?

கிருஷ்ணகிரி_காலிபர்
இல்லைங்க. அது 9×18, குண்டு விட்டம் 9.27, பாராபெல்லத்தில் 9.03. பிரவுனிங் ஷார்ட் 9×17, அதில் குண்டு விட்டம் பாராபெல்லம் அளவுதான், கேஸ் குட்டை, அழுத்தமும் கம்மி. 9-ஐ மட்டும் பார்க்காதீங்க, பெருக்கல் குறிக்கு அடுத்த எண்ணையும் (கேஸ் நீளம்) சேர்த்துப் படிங்க.