இண்டக்‌ஷனுக்குச் சின்ன ஃப்ரை பேன்: குன்னூர், ஊட்டியில் எது கிடைக்கும்?

ரெண்டு முட்டை ஆம்லெட் அளவுக்குப் பேன் வேணும். பெட்டியில் 20 செ.மீ. என்று போட்டிருப்பது மேல்விளிம்பு. அடி 14 செ.மீ.தான் இருக்கலாம். அடி 12க்குக் குறைந்தால் பல அடுப்புகள் பாத்திரமே இல்லை என்று பீப் அடிக்கும். காந்தம் அடி முழுக்க ஒட்டணும், நடுவில் மட்டும் ஒட்டினால் ஓரம் தாமதமாகத்தான் காயும். மெல்லிய அடி என்றால் முழு வாட்டில் உப்பிக்கொள்ளும், எண்ணெய் ஓரத்துக்கு ஓடிவிடும்.

வார்ப்பிரும்பு அருமைதான். ஆனால் நம்ம மூடுபனி ஈரத்தில் எண்ணெய் தடவாமல் வைத்தால் துரு நிச்சயம். நான்ஸ்டிக்கை வெறுமனே காயவைத்தால் பூச்சு போச்சு.

அதனால் 2.5 மி.மீ. ட்ரைப்ளை (ஸ்டீல், அலுமினியம், ஸ்டீல் என மூணு அடுக்கு சேர்ந்த பேன்) யோசனை. முட்டை ஒட்டாமல் வர எத்தனை வாட்டில், எவ்வளவு நேரம் காயவைக்கிறீங்க? குன்னூர் பெட்ஃபோர்டு பக்கமோ ஊட்டி மார்க்கெட்டிலோ காந்தம் வைத்துப் பார்க்க விடுற கடை இருந்தா சொல்லுங்க.