பௌர்ணமி அன்று ஆசனப் பயிற்சி கூடாதா? எந்தத் தேதியை எடுத்துக்கொள்வது?

கேள்வி: வடகரை
அஷ்டாங்க வின்யாச முறையில் வாரத்துக்கு ஆறு நாள் பயிற்சி. அதுபோக பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் விடுமுறை. காரணம் கேட்டால், "உடம்பில் அறுபது சதவீதம் தண்ணீர். கடலையே இழுக்கிற நிலா உடம்பை விடுமா? அன்றைக்கு மூட்டும் தசைநாரும் சீக்கிரம் அடிபடும்" என்கிறார்கள். இது பழைய ஹடயோக நூல்களில் உள்ள விதியா, பிற்காலத்து வழக்கமா? அன்று என்னதான் செய்யலாம்? இன்னொரு குழப்பம்: கைப்பேசிச் செயலி ஒரு தேதி காட்டுகிறது, பஞ்சாங்கம் முந்தின நாளைச் சொல்கிறது. எதைப் பின்பற்றுவது?

பதில்: ஏட்டுச்சுவடி
இந்த விடுமுறை உலகம் முழுக்கப் பரவியது அஷ்டாங்க வின்யாச ஆசிரியர் மைசூர் பட்டாபி ஜோயிஸ் (1915–2009) வழியாக. ஹடயோக பிரதீபிகையைப் புரட்டினால், நாளுக்கு நான்கு வேளை, வேளைக்கு எண்பது வரை படிப்படியாகக் கும்பகம் (மூச்சை உள்ளே நிறுத்தி வைப்பது) செய் என்று இருக்கிறது. கேரண்ட சம்ஹிதை என்ற இன்னொரு ஹடயோக நூல், பயிற்சியை வசந்தத்திலோ சரத் காலத்திலோ (இலையுதிர் காலம்) தொடங்கச் சொல்கிறது. வேளை உண்டு, பருவம் உண்டு. பௌர்ணமியில் ஆசனம் போடாதே என்று பிரதீபிகையில் ஒரு சுலோகமும் கிடையாது. அந்த நூல் பேசும் சந்திரனே வேறு. அது தலைக்குள் இருந்து அமுதம் சொட்டுவது. நாபியில் இருக்கும் சூரியன் அதைக் குடித்துவிடாமல் தடுக்கத்தான் விபரீதகரணி என்ற தலைகீழ் நிலை.

திதி பார்த்து நிறுத்தும் வழக்கம் வேதக் கல்வியில் இருந்தது. அமாவாசை, சதுர்த்தசி, அஷ்டமி, பௌர்ணமி நாட்களில் வேதம் ஓதக்கூடாது என்கிறது மனுஸ்மிருதி. அமாவாசை குருவுக்கு ஆகாது, சதுர்த்தசி சீடனுக்கு ஆகாது, மற்ற இரண்டும் கற்ற வேதத்துக்கே ஆகாது என்று காரணமும் சொல்கிறது. ஜோயிஸ் பல ஆண்டுகள் மைசூர் சமஸ்கிருதக் கல்லூரியில் இருந்தவர். அந்த அட்டவணைதான் யோக வகுப்புக்கும் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. காயத்தைப் பற்றிய பேச்சு பிறகு ஒட்டிக்கொண்டது போலத்தான் தெரிகிறது.

பதில்: ஓதம்
தண்ணீர்க் கணக்கு நிற்காது. ஓதம் (கடல் மட்டம் ஏறி இறங்குவது) எழுவது பூமியின் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் நிலாவின் ஈர்ப்பில் இருக்கும் வித்தியாசத்தால். கடல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரந்து கிடப்பதால் அந்த வித்தியாசம் வேலை செய்கிறது. இரண்டு மீட்டர்கூட இல்லாத உடம்பில், உச்சிக்கும் பாதத்துக்கும் இடையே வரும் வித்தியாசம் பூமியின் ஈர்ப்பில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது. தோளில் கை வைத்து அழுத்தும் ஆசிரியர் அதைவிடப் பன்மடங்கு இழுத்துவிடுவார்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. பௌர்ணமி, அமாவாசை இரண்டிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நிற்பதால் பெருவோதம் (ஓதம் மிக உயரும் நிலை) இரண்டு நாளும் ஒன்றுதான். ஆனால் வகுப்பில் என்ன சொல்கிறார்கள்? பௌர்ணமியில் பிராணன் (மேல்நோக்கும் உயிர்க்காற்று) மேலோங்கி ஆர்வம் எல்லை மீறும், அமாவாசையில் அபானன் (கீழ்நோக்கும் உயிர்க்காற்று) மேலோங்கி உடம்பு கனக்கும் என்கிறார்கள். ஒரே இழுப்பு எப்படி நேரெதிர் விளைவைத் தரும்? நம்பிக்கையாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு இயற்பியலைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

தூக்கம் வேறு விஷயம். 2013இல் சுவிட்சர்லாந்தின் பாசல் ஆய்வகத்தில் 33 பேரின் தூக்கப் பதிவுகளைப் பார்த்ததில், பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் தூக்கம் சுமார் 20 நிமிடம் குறைந்திருந்தது. ஆழ்தூக்க அலைகள் 30 சதவீதம் குறைவு. சிறிய ஆய்வு என்பதை மறக்கக்கூடாது. 2021இல் அர்ஜென்டினாவின் தோபா பழங்குடி மக்களிடம் பார்த்தபோது, பௌர்ணமிக்கு 3 முதல் 5 நாள் முன்புதான் மிகத் தாமதமாகத் தூங்கினார்கள். வளர்பிறையின் கடைசி நாட்களில் பொழுது சாயும்போதே நிலா வானத்தில் இருக்கும். பௌர்ணமி கழிந்தால் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளி, இருட்டிய பிறகே எழும். தூக்கம் கெட்டு உடம்பு அசந்திருப்பதுதான் உங்கள் கவலை என்றால், கவனிக்க வேண்டியது அந்த முந்தைய நாட்களை.

பதில்: திதிக்கணக்கு
தேதிக் குழப்பத்துக்கு வருவோம். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணம் 168 பாகையில் இருந்து 180 ஆகும் வரை பௌர்ணமி திதி. 180 பாகையைத் தொடும் கணத்தைத்தான் செயலி 'முழுநிலவு' என்று காட்டுகிறது. அதாவது செயலி சொல்வது திதி முடியும் நேரம். திதியின் நீளம் 19 மணியில் இருந்து 26 மணி வரை மாறும்.

முழுநிலவுக் கணம் ஞாயிறு அதிகாலை 2 மணி என்று வையுங்கள். திதி பெரும்பாலும் சனி அதிகாலையிலேயே தொடங்கியிருக்கும். சனிக்கிழமை சூரிய உதயத்திலும் இரவிலும் பௌர்ணமி இருப்பதால் பஞ்சாங்கம் சனி என்கிறது, செயலி ஞாயிறு என்கிறது. இரண்டும் சரி. காலை 6 மணிக்குப் பயிற்சி செய்பவருக்கு அந்தக் கணத்துக்கு நெருக்கமானது ஞாயிறு காலை. சனிக்கிழமை காலை 20 மணி நேரம் தள்ளி நிற்கிறது. ஏதாவது ஒரு முறையை எடுத்து ஆண்டு முழுக்க அதையே பின்பற்றுங்கள். செயலி உள்ளூர் நேரத்தைக் காட்டுகிறதா, உலகப் பொது நேரத்தைக் காட்டுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேதான்.

பதில்: தண்டாசனம்
அஷ்டாங்க மரபுப்படி அன்று ஆசனமே இல்லை. நடை, சவாசனத்தோடு சரி. அந்த மரபில் இல்லாதவர்கள் சந்திர நமஸ்காரம் செய்யலாம். பரவலான வடிவம் ஒன்றில் சூரிய நமஸ்காரத்தின் 12 நிலைகளோடு அர்த்த சந்திராசனம் (பின்கால் முட்டியை ஊன்றி, கைகளைத் தூக்கிப் பின்னால் வளைவது) இரண்டு முறை சேர்ந்து 14 ஆகும். மெதுவாக 3 முதல் 5 சுற்று போதும். அர்த்த சந்திராசனத்தில்தான் தவறு நடக்கும். பின்கால் முட்டிச் சில்லு நேராகத் தரையில் அழுந்தினால் வலிக்கும். மடித்த போர்வையைப் போட்டு, எடை சில்லுக்குச் சற்று மேலே தொடையில் விழும்படி காலைப் பின்னால் நகர்த்துங்கள். கையைத் தூக்கும் முன் வால் எலும்பைக் கீழே இறக்கி, முன்விலா துருத்தாமல் பாருங்கள். இல்லாவிட்டால் வளைவு முழுவதும் இடுப்பில் விழுந்து கிள்ளும். கழுத்து கடைசியில். தலைசுற்றல் உள்ளவர்கள் பார்வையை நேராக வைக்கவும்.

அதன் பின் சந்திரபேதனம்: இடது நாசியில் நான்கு எண்ணிக்கை உள்ளே, வலது நாசியில் ஆறு அல்லது எட்டு வெளியே, 9 சுற்று. புதியவர்களுக்குக் கும்பகம் வேண்டாம். கட்டைவிரல் அழுத்த வேண்டிய இடம் மூக்கெலும்பு முடிந்து மென்மை தொடங்கும் இடம், நடுச்சுவரை வளைக்கக்கூடாது. இடது நாசி அடைத்திருந்தால் சில நிமிடம் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் பெரும்பாலும் திறக்கும். சளியும் இழுப்பும் இருக்கும் நாளில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: வடகரை
மிக்க நன்றி. எங்கள் வார விடுமுறை சனிக்கிழமை. பௌர்ணமி வெள்ளியோ ஞாயிறோ வந்தால் தொடர்ந்து இரண்டு நாள் விட்டுப்போகிறதே?

பதில்: தண்டாசனம்
விட்டுப்போகட்டும். திரும்பி வரும் நாளில் பின்தொடை இறுகியிருக்கும். சூரிய நமஸ்காரம் இரண்டு வகையிலும் ஐந்தைந்து, பிறகு அஷ்டாங்கத்தின் முதல் ஆசன வரிசையில் நாவாசனம் (படகு நிலை) வரை, அங்கிருந்து நேராக முடிப்பு ஆசனங்கள். மரீச்யாசனம் என்ற முறுக்கு ஆசனத்தின் நான்காவது வகையில் அன்று கை கோக்கவில்லை என்று முட்டியை முறுக்காதீர்கள். தவறவிட்ட இரண்டு நாளையும் ஒரே காலையில் ஈடுகட்ட முயல்வதால் வரும் அடிக்குத்தான் பலர் பௌர்ணமி மேல் பழி போடுகிறார்கள்.