சூப்பர் ஹீரோ நாய் படம் மாதிரி வேற ஏதாவது சொல்லுங்க

வணக்கம் மக்களே, ஒரு சின்ன உதவி வேணும். என் பையனுக்கு ஆறு வயசு. டிஸ்னியோட 'போல்ட்' (2008) படத்தை எத்தனை தடவை பார்த்தான்னு எண்ணுறதையே விட்டுட்டேன். டிவி தொடர்ல நடிக்கிற நாய், தனக்கு நிஜமாவே சக்தி இருக்குன்னு நம்பிக்கிட்டுத் திரியுமே, அதேதான். பந்துக்குள்ள உருண்டு வர்ற அந்த ஹாம்ஸ்டரைப் பார்த்துட்டு இவனும் போர்வையைச் சுத்திக்கிட்டு கட்டில்ல இருந்து உருள்றான். நெத்தியில வீக்கம், அது தனிக்கதை.

ஒரு மாறுதலுக்கு 'டிசி லீக் ஆஃப் சூப்பர் பெட்ஸ்' (2022) போட்டேன். கினி பிக் வில்லியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சான். ஆனா குழந்தையைக் காப்பாத்தப் போய் வீட்டையே இழந்த கதையை ஏஸ்ங்கிற நாய் சொல்ற இடத்துல ஒரே அழுகை. "அதை ஏம்மா திருப்பிக் கொடுத்தாங்க?"ன்னு தூங்குற வரைக்கும் கேள்வி. எனக்கே தொண்டை அடைச்சிருச்சு.

மிருகம்தான் ஹீரோவா இருக்கணும், சோகம் கொஞ்சம் கம்மியா இருக்கணும். பூனை, எலி, ஆமை எதுன்னாலும் சரி. தமிழ் டப்பிங் இருந்தா ரொம்ப நல்லது, சப்டைட்டில் படிக்க அவனுக்கு இன்னும் வேகம் பத்தல. உங்க பிள்ளைங்க பார்த்து ரசிச்சது எது?