சனிக்கிழமை கார் எடுத்தவர்: யூதர்களோடு பழகியவர்கள் பகிர்ந்த அனுபவங்கள்

டீனெக், நியூ ஜெர்சியிலிருந்து

இந்த ஊருக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் தெருவில் பாதிக்கு மேல் மத விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் யூதக் குடும்பங்கள். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற குழந்தைகள் டாக்டர் ஒருவரும் அவர் மனைவியும். வந்த புதிதில் அவர்கள் மதம் என்றாலே எனக்குத் தடைகள்தான் கண்ணில் பட்டன. வெள்ளி அஸ்தமனத்திலிருந்து சனி இருட்டும் வரை ‘சப்பாத்’ என்ற ஓய்வு நாள். சுவிட்சைத் தொடக் கூடாது, கார் ஓட்டக் கூடாது, பேனா பிடிக்கக் கூடாது. அன்றைக்கு விலக்கிய வேலைகளை மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு 39 வகையாக எண்ணி வைத்திருக்கிறது. விதைப்பது, மாவு பிசைவது, முடிச்சுப் போடுவது, இரண்டு எழுத்து எழுதுவது, நெருப்பு மூட்டுவது, அணைப்பது என்று போகும்.

வெள்ளிக்கிழமை மதியம் அந்த வீட்டுக்குள் போனால் நம் வீட்டில் பொங்கலுக்கு முந்தின நாள் மாதிரி இருக்கும். பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சி போட்ட சோலன்ட் குழம்பு அடுப்பில் ஏறிவிடும். மறுநாள் மதியம் வரை மெல்லிய சூட்டிலேயே கிடக்கும். ஃப்ரிட்ஜுக்குள் எரியும் பல்பைக் கழற்றி வைப்பார்கள். சூரியன் விழ 18 நிமிஷம் இருக்கும்போது அந்த அம்மா மெழுகுவர்த்தி ஏற்றி, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு ஆசி சொல்வார். கையை எடுக்கும்போது முகமே வேறாக இருக்கும். அதற்குப் பிறகு போன் அலமாரிக்குள்தான், மறுநாள் இருட்டும் வரை.

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. கணவர் சென்னை போயிருந்தார், எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. காலை பதினோரு மணிக்கு என் மகள் யாரோ கொடுத்த பிஸ்கட்டைக் கடித்திருக்கிறாள். அதில் முந்திரி. ஐந்து நிமிஷத்தில் உதடு வீங்கி, குரல் கம்மிப்போனது. அவளுடைய அலர்ஜி டாக்டர் எழுதித் தந்திருந்த ஊசியைத் தொடையில் போட்டுவிட்டு, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். டாக்டர் குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். அவ்வளவுதான், கார் சாவியை எடுத்துவிட்டார். “ஆஸ்பத்திரி நாலு நிமிஷம். ஆம்புலன்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம்” என்றார். ஆறு வருஷத்தில் அவர் சனிக்கிழமை காரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அவசரப் பிரிவு வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க இறங்கி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். மகள் மூச்சு சீராகி, “இனி பயமில்லை” என்று அங்கிருந்த டாக்டர்கள் சொன்ன பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தே வீட்டுக்குக் கிளம்பினார். அந்தக் குளிரில், எழுபது வயதில், ஒரு மைலுக்கு மேல். உயிருக்காகக் கார் எடுத்தாயிற்று, உயிர் பிழைத்தது, இனி கார் ஓட்டக் காரணமில்லை.

பிறகொரு நாள், “எங்களால் உங்கள் சப்பாத் முறிந்துவிட்டதே” என்று வருத்தப்பட்டேன். “முறியவில்லையே. அன்றைக்கு அதுதான் சப்பாத்” என்றார். உயிர் காப்பதற்கு எபிரேயத்தில் ‘பிக்குவாக் நெஃபெஷ்’ என்று பெயர். ‘இவற்றால் வாழ்வான்’ என்று பைபிளின் லேவியராகமம் சட்டங்களைப் பற்றிச் சொல்கிறது. வாழத்தானே சொல்லியிருக்கிறது, சாக இல்லையே என்று மிஷ்னாவை விளக்கும் நூலான தல்மூத் பொருள் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. இப்படிப்பட்ட நேரத்தில் வேற்று மதத்தவரையோ சிறுவர்களையோ ஏவிவிட்டுத் தான் சுத்தமாக ஒதுங்கி நிற்கக் கூடாது. கற்றறிந்த பெரியவர்களே முன்வந்து செய்ய வேண்டும் என்று யூத அறிஞர் மைமோனிடிஸ் 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். பெரியவர் தயங்கினால், பார்க்கிற சின்னவனும் தயங்கப் பழகுவான் அல்லவா?

இறைவன் சட்டம் தந்தபோது சீனாய் மலையடியில் அவர்கள் முன்னோர்கள் “செய்வோம், கேட்போம்” என்றார்களாம். முதலில் செய்வது, அப்புறம்தான் கேட்பது. உனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று அந்த டாக்டர் என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. உங்களில் யாருக்காவது இப்படி அருகில் பார்த்த அனுபவம் இருந்தால் எழுதுங்களேன்.

*

லண்டனிலிருந்து

அக்கா, வாசித்துவிட்டுக் கன நேரம் சும்மா இருந்தேன். நான் ஒரு செத்தவீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

என்னோடு வேலை செய்யும் ஒருவரின் தாயார் மோசம் போய்விட்டார். ஹெண்டனில் அவர் வீடு. ‘ஷிவா’ இருக்கிறார்கள், வா என்றார்கள். எபிரேயத்தில் ஷிவா என்றால் ஏழு. அடக்கம் செய்த நாளிலிருந்து ஏழு நாள் வீட்டைவிட்டு வெளிக்கிடாமல் துக்கம் காப்பது. எங்களுக்கு எட்டுச்செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி இருக்கிற மாதிரி அவர்களுக்கும் ஏழு, பிறகு 30, பெற்றோர் என்றால் ஒரு வருஷம் என்று படிப்படியாக இருக்கிறது. துக்கத்துக்கு ஒரு படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறார்கள்.

வாசல் கதவு பூட்டியிருக்கவில்லை, தட்டத் தேவையில்லை. கண்ணாடிகளை எல்லாம் வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். அவர் பதிவான கதிரையில் இருந்தார். சட்டையின் நெஞ்சுப் பக்கம் ஒரு சாண் கிழிந்திருந்தது. தாய்க்கும் தகப்பனுக்கும் இடப்பக்கம், இதயத்துக்கு மேலே கிழிப்பார்களாம். நான் ஏதாவது ஆறுதல் சொல்ல வாய் எடுத்தேன். அவருடைய மைத்துனர் என் கையை மெதுவாகப் பிடித்தார். துக்கத்தில் இருப்பவர் கதைக்கத் தொடங்கும் வரைக்கும் வந்தவர் கதைக்கக் கூடாது. பைபிளில் வரும் யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் இருந்தார்களாம், அந்த வழக்கம். நாங்கள் இருபது நிமிஷம் சும்மா இருந்தோம். பிறகு அவரே, “அம்மா உருளைக்கிழங்கைத் தோலோடுதான் அவிப்பா” என்று தொடங்கினார்.

அன்று பின்னேரம் கதீஷ் என்ற பிரார்த்தனையைச் சொன்னார்கள். ஆர்த்தடாக்ஸ் முறையில் அதற்குப் பத்து ஆண்கள் வேண்டும்; மற்றப் பிரிவுகள் பலவற்றில் பெண்களையும் எண்ணுவார்கள். அரமாய மொழியில் உள்ள அந்தப் பிரார்த்தனையில் சாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்று அறிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. முழுக்க இறைவனின் பெயரைப் போற்றுவதுதான். வாய்விட்டு அழ வேண்டிய நேரத்தில் ஒருவனை எழுப்பி நிறுத்தி இதைச் சொல்ல வைக்கிறார்கள். தனியே சொல்ல இயலாது, பத்துப் பேர் நின்று ‘ஆமென்’ சொல்ல வேண்டும். நான் அந்தப் பத்தில் இல்லை, சுவரோரமாய் நின்றேன்.

என்னுடைய அப்பா 2020இல் யாழ்ப்பாணத்தில் காலமானார். விமானம் இல்லை. வாட்ஸ்அப்பில் பார்த்தேன். அப்போது நான் இருந்த வேலைத்தலத்தில் மூன்று நாள் லீவு தந்தார்கள். நாலாம் நாள் லேப்டாப்பைத் திறந்து ‘குட் மோர்னிங்’ சொன்னேன். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஹெண்டனில் அந்த வீட்டில்தான் முதன்முதலாக அப்பாவுக்காக அழுதேன்.

வெளிக்கிடும்போது இங்கத்தைய யூதர்கள் சொல்லும் வார்த்தையை எனக்குச் சொல்லித் தந்தார்கள்: “உங்களுக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்.” நான் அவருக்குச் சொன்னேன். அவர் எனக்கும் திருப்பிச் சொன்னார். ஏழாம் நாள் காலமை எழும்பி, குடும்பமாகத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள், ஷிவா முடிந்தது என்பதற்கு. நானும் போய் அவர்களோடு நடந்தேன்.

*

சென்னையிலிருந்து

எங்கள் டீமில் பாதிப் பேர் இஸ்ரேலில், ஹைஃபாவில். இரண்டு வருஷம் முன்னால் ஒரு ரிலீஸ் சொதப்பியபோது அங்கிருந்த மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னை நார் நாராகக் கிழித்தார். தப்பு என் பக்கம் இல்லை. நானும் மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

செப்டம்பரில் அவரிடமிருந்து போன். “மார்ச் மாதம் இன்ன மீட்டிங்கில் உன்னைப் பற்றி இன்ன வார்த்தை சொன்னேன். அது தப்பு, பொய்யும்கூட. என்னை மன்னிப்பாயா?” தேதியோடு சொன்னார். யூதப் புத்தாண்டு தொடங்கி பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் வரை பத்து நாள் இப்படித்தானாம். கடவுளுக்குச் செய்த குற்றத்தை யோம் கிப்பூர் நோன்பு தீர்க்கும். மனுஷனுக்குச் செய்ததை, அந்த மனுஷனைச் சமாதானப்படுத்தும் வரை அந்த நாளும் தீர்க்காது. மிஷ்னாவில் இருக்கிறது. இத்தனைக்கும் அவர் ஜெபக்கூடத்துக்கே போகாதவர். யோம் கிப்பூர் அன்றைக்கு நாடு முழுக்க ரோடு காலியாக இருக்கும், நெடுஞ்சாலையில் குழந்தைகள் சைக்கிள் விடுவார்கள் என்று சொன்னார்.

அடுத்த வாரம் டீம் மீட்டிங்கிலும் அதையே எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு அதுதான் பெரிசு. திட்டியது கூட்டத்தில், மன்னிப்பு மட்டும் தனியாக என்றால் கணக்கு நேராகுமா? இன்னொரு ரிலீஸ் சொதப்பியது, இந்தத் தடவை நிஜமாகவே என் தப்பு. அவர் குரல் உயரவில்லை. அதே சந்தர்ப்பம் மறுபடி வந்து, அதே தப்பைச் செய்யாமல் இருப்பவனே முழுசாக மனம் திரும்பியவன் என்பது மைமோனிடிஸ் சொன்ன அளவுகோல் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

*

டொராண்டோவிலிருந்து

எல்லோரும் நல்லதையே எழுதுகிறீர்கள். ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. என் யூதத் தோழிக்குக் கோர்ட்டில் விவாகரத்து கிடைத்து நாலு வருஷம் ஆகியும் மறுமணம் செய்ய முடியவில்லை. கணவன் தன் விருப்பத்தோடு ‘கெட்’ என்ற விலக்குச் சீட்டு தந்தால்தான் மதப்படி விடுதலை. அவன் தரவில்லை. இப்படி நிற்கும் பெண்ணுக்கு ‘அகுனா’ என்று பெயர், கட்டுண்டவள் என்று அர்த்தம். செயலில் இருக்கிற மதம் என்றால் அந்தச் செயல் ஒருவன் கையில் ஆயுதமாகவும் ஆகும், அக்கா.

*

டீனெக்கிலிருந்து மறுபடியும்

உண்மை தங்கச்சி. டாக்டரின் மனைவியிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை, “எங்களுக்கு வெட்கம்” என்றே சொன்னார். அமெரிக்காவில் ஆர்த்தடாக்ஸ் ரபிகள் (மத குருமார்) பலர் இப்போது கல்யாணத்துக்கு முன்பே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறார்களாம். பிரிந்த பின் கெட் தராமல் இழுத்தடித்தால் நாள் கணக்கில் ஜீவனாம்சம் கட்ட வேண்டும். அந்த ஒப்பந்தம் இல்லாமல் மணம் முடித்தவர்களுக்கு இது உதவாது. உங்கள் தோழிக்கும் உதவாது என்பது எனக்கு வலிக்கிறது.

*

கோயம்புத்தூரிலிருந்து

லண்டன் அண்ணா எழுதிய பத்துப் பேர் கணக்கைப் படித்ததும் கொச்சியின் மட்டாஞ்சேரி ஞாபகம் வந்தது. 1568இல் கட்டிய பரதேசி ஜெபக்கூடம்; பரதேசி என்றால் இங்கே வெளிநாட்டிலிருந்து வந்தவர். தரையில் நீலமும் வெள்ளையுமாய்ச் சீன ஓடுகள், கையால் வரைந்தவை. நாங்கள் போன அன்று சுற்றுலாக் கூட்டம் நெரிந்தது. ஆனால் தொழுகைக்கு உள்ளூரில் பத்துப் பேர் தேறுவதில்லை. கொச்சி யூதர்களில் பெரும்பாலானோர் 1950களிலும் அதற்குப் பிறகும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். விளக்கு, மேடை, தோரா என்ற வேதச் சுருள் எல்லாம் இருக்கிறது, ஆள் இல்லை. வெளிநாட்டுப் பயணிகளில் யூதர்கள் யாராவது வந்தால்தான் எண்ணிக்கை நிறையும் என்று வாசலில் இருந்தவர் சொன்னார்.

ஒரு சந்தேகம் அக்கா. அந்தக் கார் என்ன ஆயிற்று?

*

டீனெக்கிலிருந்து

ஆஸ்பத்திரிக் காவலாளி அதை ஓரங்கட்டிச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். நாங்கள் நாலரை மணிக்கு டாக்ஸியில் வீடு வந்தோம். சாவியைக் கொடுக்க உடனே போகவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று நட்சத்திரம் தெரிந்தால் சப்பாத் முடியும். ஐந்தேகாலுக்கு அந்த அம்மாவே வந்து எங்களைக் கூப்பிட்டார். அவர்கள் வீட்டில் சப்பாத்தை வழியனுப்பும் ஹவ்தாலா: திராட்சை ரசம், திரிகள் பின்னிய மெழுகுவர்த்தி, ஒரு சின்ன வெள்ளிப் பெட்டியில் வாசனைப் பொருள். அந்தப் பெட்டியை ஒவ்வொருவர் மூக்கருகிலும் கொண்டுபோனார்கள். என் மகள் வீங்கிய உதட்டோடு கண்ணை மூடி இழுத்து முகர்ந்தாள்.

“அம்மா, கிராம்பு. பாட்டியோட அஞ்சறைப் பெட்டி.”

டாக்டர் மெழுகுவர்த்தியை ரசத்தில் தோய்த்து அணைத்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சாவிக்குக் கை நீட்டினார்.