கரும்பொருள் கதிர்வீச்சின் என்ட்ரோபியில் அந்த 4/3 எதற்கு?

கேள்வி:
காலிப் பெட்டி ஒன்று, சுவர்களெல்லாம் ஒரே வெப்பநிலையில், உள்ளே கரும்பொருள் கதிர்வீச்சு (அந்தச் சுவர்களோடு சமநிலையில் இருக்கும் வெப்பக் கதிர்வீச்சு) மட்டும். அதன் ஆற்றல் கன அளவுக்கும் வெப்பநிலையின் நான்காம் படிக்கும் நேர்விகிதம், அதுவரை சிக்கல் இல்லை. என்ட்ரோபி என்றால் வெப்பத்தை வெப்பநிலையால் வகுப்பதுதானே, அப்படியானால் ஆற்றல் ÷ வெப்பநிலை என்று முடிந்திருக்க வேண்டாமா? புத்தகம் 4/3 × ஆற்றல் ÷ வெப்பநிலை என்கிறது. 0 கெல்வினிலிருந்து தொகையிட்டால் 4/3 வருவதைப் போட்டுப் பார்த்துவிட்டேன். கூடுதலாக வரும் அந்த மூன்றில் ஒரு பங்குக்கு என்ன பொருள் என்பதுதான் பிடிபடவில்லை.

பதில் 1:
நீங்கள் வகுக்க வேண்டியது உள்ளே வந்த வெப்பத்தை, உள்ளே இருக்கும் ஆற்றலை அல்ல. இரண்டும் எப்போதும் ஒன்றாக இருக்காது.

பெட்டிக்கு ஒரு பிஸ்டன் வைத்து, அதை அடிவரை அழுத்திக் கன அளவை 0 ஆக்கிவிடுங்கள். சுவர்களின் வெப்பநிலையை மாற்றாமல் பிஸ்டனை மெதுவாக வெளியே விடுங்கள். சாதாரண வாயு என்றால் விரிய விரிய அடர்த்தி குறையும், இங்கே அப்படி இல்லை, சுவர்கள் புதுப்புது ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) உமிழ்ந்து இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும், ஆற்றல் அடர்த்தி மாறாது, அதனால் அழுத்தமும் மாறாது. அந்த அழுத்தம் ஆற்றல் அடர்த்தியில் 1/3. ஆக, பிஸ்டனைத் தள்ளிய வேலை மொத்த ஆற்றலில் 1/3. உள்ளே தங்கிய ஆற்றல், வெளியே போன வேலை இரண்டையும் சுவர்தான் வெப்பமாகக் கொடுத்தது, அதுவும் ஒரே வெப்பநிலையில். வகுத்தால் 4/3.

நீங்கள் தொகையிட்ட வழியில் வேலையே கிடையாது, ஆனால் வெப்பம் முழுவதும் இறுதி வெப்பநிலையைவிடக் குறைந்த வெப்பநிலைகளில் உள்ளே போகிறது, அந்தச் சின்ன எண்களால் வகுக்கிறோம், அதனால் கூடுகிறது.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அந்த 1/3 தான் நான்காம் படிக்கும் காரணம். அழுத்தம் ஆற்றல் அடர்த்தியில் 1/2 ஆக இருந்திருந்தால் அதே வெப்ப இயக்கவியல் மூன்றாம் படியைத் தரும், என்ட்ரோபியில் 3/2 வரும். ஸ்டெஃபான் 1879இல் அளவீடுகளை வைத்துச் சொன்ன நான்காம் படியை போல்ட்ஸ்மன் 1884இல் இந்த அழுத்தத்திலிருந்துதான் வருவித்தார், ஃபோட்டான் என்ற பேச்சே இல்லாத காலம்.

எண்ணும் போட்டுவிடுவோம். 300 கெல்வினில் 1 கனமீட்டர்: ஆற்றல் சுமார் 6.1 × 10⁻⁶ ஜூல், என்ட்ரோபி 2.7 × 10⁻⁸ ஜூல்/கெல்வின், ஃபோட்டான்கள் சுமார் 5.5 × 10¹⁴. ஃபோட்டான் ஒன்றுக்கு என்ட்ரோபி 3.6 போல்ட்ஸ்மன் மாறிலி, எந்த வெப்பநிலையிலும் இதே 3.6 தான்.

பதில் 3:
பிஸ்டனே வேண்டாம் என்பவர்களுக்கு: ஒவ்வொரு அதிர்வு முறைக்கும் (பெட்டிக்குள் ஒளி அலை அதிரக்கூடிய ஒவ்வொரு விதத்துக்கும்) சராசரி ஃபோட்டான் எண்ணிக்கையை ந என்று வைத்தால், அதன் என்ட்ரோபி (1+ந) மடக்கை(1+ந) − ந மடக்கை ந, அதைப் போல்ட்ஸ்மன் மாறிலியால் பெருக்க வேண்டும் (மடக்கை இங்கே இயல் மடக்கை). எல்லா அதிர்வெண்களுக்கும் தொகையிட்டால் π⁴/15 வந்து அதே விடைதான். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கேட்டவர்:
பிஸ்டன் வழி தெளிவாகிவிட்டது, நன்றி. அப்புறம் ஒன்று: சூடான பொருள் ஒன்று வெற்றுவெளியில் ஒளிர்கிறது. அது இழக்கும் என்ட்ரோபி வெப்பம் ÷ வெப்பநிலை, ஒளி எடுத்துப்போவது அதைவிட 4/3 மடங்கு. மிச்சம் 1/3 எங்கிருந்து வந்தது?

பதில் 1:
புதிதாகப் பிறந்ததுதான், அது மீளா நிகழ்வு. வேலையை வாங்கிக்கொள்ள அங்கே பிஸ்டன் இல்லை. சுற்றுப்புறமும் அதே வெப்பநிலையில் இருந்தால் போகிற அளவே திரும்பி வரும், எதுவும் பிறக்காது. சுற்றுப்புறம் ஒரு துளி மட்டும் குளிராக இருப்பதாக வைத்துப் பாருங்கள். நிகர ஆற்றல் நான்காம் படிகளின் வித்தியாசம், நிகர என்ட்ரோபி மூன்றாம் படிகளின் வித்தியாசத்தின் 4/3 மடங்கு, ஒன்றை மற்றதால் வகுத்தால் 4/3 அடிபட்டுப் போய் நீங்கள் முதலில் எதிர்பார்த்த வெப்பம் ÷ வெப்பநிலையே நிற்கும்.